போர்பிரின் சொல்வழி கேளாத நாள்: நிறம் பார்த்துப் பிழை பிடித்தல்

இறுதியாண்டு ஆய்வு தொடங்கி ஆறேழு கிழமை போனால் போதும், யாழ்ப்பாணத்தில் நான் வேலை செய்யும் சின்ன ஆய்வுகூடத்தின் கதவடியில் யாராவது ஒரு பிள்ளை சோதனைக் குழாயும் கையுமாக வந்து நிற்கும். "சேர், நேற்று ஊதாவா இருந்தது, இண்டைக்குப் பச்சையாக் கிடக்கு." நான் திருப்பிக் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: "எந்தப் போத்தலில இருந்து குளோரோபோம் எடுத்தனீர்?"

அப்படி வந்த கேள்விகளுக்குச் சொன்ன பதில்களைத்தான் இங்கே சேர்த்து எழுதுகிறேன். இரத்தச் சிவப்பிலும் இலைப் பச்சையிலும் இருக்கும் அதே வளையம்தான் போர்பிரின். அதை ஊக்கியாக வைத்தால், குரோமியம் போன்ற நச்சு உப்புகளைத் தொடாமல், காற்றையும் வெளிச்சத்தையும் கொண்டோ ஐதரசன் பேரொட்சைட்டைக் கொண்டோ ஒட்சியேற்றம் செய்யலாம். பசுமை இரசாயனவியல் என்று தலைப்பெடுக்கும் பிள்ளைகள் இதைப் பிடித்துக்கொள்வது அதனால்தான். கொள்கை அவ்வளவு போதும். மிச்சத்தைப் பாடப் புத்தகம் சொல்லும்.

தொடங்க முன்னர் மேசையில் மூன்று பொருள் இருக்கட்டும். ஒன்று, கள்ளநோட்டுப் பார்க்கும் யூ.வி. ரோச் லைட். கடையில் மலிவாகக் கிடைக்கும். இரண்டு, ஒரு சின்னத் துளிப் போத்தலில் ரைஎதைல் அமீன் என்ற காரம். மூன்று, நல்லது என்று தெரிந்த பழைய மாதிரி ஒன்று, ஒளி படாமல் மூடி வைத்தது. நிறமாலைமானிக்கு ஓடுவது அப்புறம். பாதிப் பிழைகள் இந்த மூன்றிலேயே பிடிபட்டுவிடும்.

தார் மட்டும் வருகிறது, ஊதாப் பளிங்கைக் காணோம்

எங்களிடம் புழக்கத்தில் இருப்பது 1967இல் வெளியான அட்லர்–லோங்கோ முறை. கொதித்துக்கொண்டிருக்கும் 30 மில்லிலீற்றர் புரோப்பியோனிக் அமிலத்தில் 0.8 மில்லிலீற்றர் பென்சல்டிகைட்டும் 0.56 மில்லிலீற்றர் பைரோலும் விட்டு, அரை மணித்தியாலம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து வடிப்பது. ஒழுங்காக வந்தால் நான்கு பீனைல் வளையம் தாங்கிய ரெட்ராபீனைல் போர்பிரின் ஏறக்குறையக் கால் கிராம் கிடைக்கும். அது 20 வீத விளைச்சல். "இருபது வீதம்தான் வந்தது, எங்கே பிழை?" என்று கேட்டு வருபவர்களை நான் தேத்தண்ணி கொடுத்துத் திருப்பி அனுப்புவேன். அந்த முறைக்கு அதுதான் கணக்கு. குடுவை கறுத்துப் போவதும் பிழையல்ல, எப்போதும் கறுக்கும்.

வடிதாளில் ஒன்றுமே மினுங்கவில்லை என்றால் முதலில் பொறுமையைச் சோதியுங்கள். சூட்டோடு வடித்தால் பொருள் அமிலத்தோடு போய்விடும். ஓர் இரவு விட்டு, கொஞ்சம் மெதனோல் சேர்த்துக் குளிரவைத்து, மறுநாள் வடியுங்கள். வடித்ததை மெதனோலால் கழுவும்போது கறுப்பு இறங்கி, வடிநீர் வெளிறும்வரை நிறுத்தக் கூடாது. கறுப்புக்குள் ஊதா ஒளிந்திருந்ததைக் காணாமல் எல்லாவற்றையும் கழிவுப் போத்தலில் கொட்டிய பிள்ளை ஒன்று இருக்கிறது. இப்போது அது விரிவுரையாளர்.

அடுத்தது வெப்பம். புரோப்பியோனிக் அமிலம் 141 பாகையில் கொதிக்கும். வெந்நீர்த் தொட்டியில் வைத்துவிட்டு அரை மணித்தியாலம் எண்ணியவர்களைக் கண்டிருக்கிறேன். மணற்தொட்டி அல்லது எண்ணெய்த் தொட்டி வேண்டும், ஒடுக்கியிலிருந்து துளி விழுவதைக் கண்ணால் காண வேண்டும். ஒடுக்கியின் மேல்வாயை அடைக்காதீர்கள். நைதரசன் நிரப்பிக் கட்டுவது நல்ல பழக்கம்தான், ஆனால் இந்தத் தாக்கம் முடிவதற்குக் காற்றிலுள்ள ஒட்சிசன் தேவை.

அதுவும் சரியென்றால் பென்சல்டிகைட்டுப் போத்தலின் கழுத்தைப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் அது பென்சோயிக் அமிலம், அதாவது காற்றுப் பட்டு உங்கள் அல்டிகைட்டு அமிலமாகிக்கொண்டிருக்கிறது. சோடியம் காபனேற்றுக் கரைசலால் கழுவி, உலர்த்தி, காய்ச்சி வடித்து எடுங்கள்.

கடைசியாகப் பைரோல். செலவும் இங்கேதான். புதிய பைரோலுக்கு நிறமே இராது, இருந்தால் மெல்லிய மஞ்சள். தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிட்டால் 130 பாகை அளவில் காய்ச்சி வடித்து, அன்றைக்கே பாவியுங்கள். எங்கள் கோடை வெக்கையில் வெளியே வைத்த போத்தல் ஒரு கிழமையில் நிறம் மாறும். இருட்டில், குளிரில், இறுக்கி மூடி வைக்க வேண்டும். பெரிய போத்தலாக வாங்கினால் மலிவு என்று நினைப்பது நட்டம். மூன்றாம் தடவை திறக்கும்போது பாதி குப்பை.

புகைபோக்கிப் பெட்டி இல்லாத இடத்தில் பைரோலைக் காய்ச்சி வடிக்க முயலாதீர்கள். முன்பு செய்த அனுபவம் இல்லையென்றால், அந்த ஒரு மணித்தியாலத்துக்குத் தொழில்நுட்ப உத்தியோகத்தரைப் பக்கத்தில் நிற்கச் சொல்லிக் கேளுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இடைக்கே ஒன்று சொல்ல வேண்டும். இரசாயனவியலாளர் ரோஜர் ஷெல்டன் 1992இல் சொன்ன கணக்குப்படி, ஒரு கிராம் பொருளுக்கு எத்தனை கிராம் கழிவு என்று பார்த்தால், மேலே சொன்ன செய்முறையில் 120 கிராமுக்கு மேல் வரும். கழுவிய மெதனோல் அதில் சேரவில்லை. பசுமை என்று அறிக்கையில் எழுத முன்னர், ஊக்கியைச் செய்த குடுவையையும் ஒருக்கால் எட்டிப் பாருங்கள். புரோப்பியோனிக் அமிலத்தை மீள வடித்துத் திரும்பப் பாவித்தால் கணக்குக் கொஞ்சம் இறங்கும். ஒரே ஊக்கியைப் பல தடவை பாவித்தால்தான் உண்மையில் இறங்கும்.

ஊதாக் கரைசல் பச்சையாகிவிட்டது

நான் அதிகம் காணும் பிழை இதுதான். பெரும்பாலும் போர்பிரின் கெட்டிருக்காது.

கரைசலில் ஒரு துளி ரைஎதைல் அமீன் விடுங்கள். உடனே செவ்வூதாவுக்குத் திரும்பினால் அமிலம்தான் காரணம். வளையத்தின் நடுவில் உள்ள நைதரசன்கள் ஐதரசன் அயனைப் பிடித்துக்கொண்டு பச்சையாகியிருக்கின்றன, அவ்வளவுதான். நிறமாலையிலும் அது தெரியும். 418 நனோமீற்றர் அளவில் இருக்க வேண்டிய பெரிய உச்சி 440 அளவுக்கு நகர்ந்து, சிவப்புப் பக்கத்தில் 650 தாண்டி ஒரு தடித்த உச்சி எழும்பியிருக்கும்.

சரி, அமிலம் எங்கிருந்து வந்தது? பழைய குளோரோபோம்தான் முதல் சந்தேகம். வெயிலும் காற்றும் பட்டால் குளோரோபோம் சிதைந்து ஐதரோக்குளோரிக் அமிலத்தையும் பொஸ்ஜீனையும் விடும். அதைத் தடுக்கத்தான் அதில் கொஞ்சம் எதனோல் சேர்த்து விற்கிறார்கள். யன்னலோரத்தில் வைத்த போத்தல், எதனோலைக் கழுவி நீக்கிய போத்தல், என்.எம்.ஆர். (மூலக்கூற்றின் அமைப்பைக் காட்டும் அளவீடு) எடுக்கும் தியூத்தேரியம் ஏற்றிய குளோரோபோம், இந்த மூன்றையும் நம்பாதீர்கள். எடுக்க முன்னர் உலர்ந்த பொட்டாசியம் காபனேற்றுப் படை ஒன்றினூடாக விட்டு எடுத்தால் போதும். குடுவையை அமிலத்தால் கழுவிவிட்டு அலசாமல் விட்டதும் அடிக்கடி நடப்பது. பொருள்களைப் பிரித்தெடுக்கும் சில சிலிக்கா நிரல்கள்கூட இதைச் செய்யும். நிரலில் பச்சைப் பட்டை கண்டு பதறாமல், ஓட்டும் கரைப்பானில் ஒரு வீதம் ரைஎதைல் அமீன் சேர்த்துப் பாருங்கள்.

அமீன் விட்டும் ஊதா திரும்பவில்லையா? அப்போது இரண்டு வழி. உங்களுடையது வளையத்தின் நடுவில் மங்கனீசு ஏற்றிய மங்கனீசு போர்பிரின் என்றால் பச்சை அதன் சொந்த நிறம், பிழையே இல்லை. இல்லையென்றால், கிட்டத்தட்ட போர்பிரின் போலவே இருந்து இரண்டு ஐதரசன் கூடிய குளோரின் என்ற பொருள் கலந்திருக்கலாம். (வாயுவான குளோரின் அல்ல. பெயர் ஒற்றுமை பிள்ளைகளை வருடாவருடம் குழப்புகிறது.) அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது அடுத்த தலைப்பில்.

நிறமாலை புத்தகத்தில் உள்ளது போல வரவில்லை

பெரிய உச்சியின் தலை தட்டையாக, வெட்டிவிட்டது போல இருந்தால் கரைசல் கடும் செறிவு. போர்பிரினின் உறிஞ்சல் அப்படிப்பட்டது. லீற்றருக்கு 1 மில்லிகிராம் போட்டாலே 0.75 அளவுக்கு வரும். "கொஞ்சம்தான் சேர் போட்டேன்" என்பவர்கள் போட்டது சாதாரணமாக நூறு மடங்கு. ஐதாக்குங்கள், திரும்ப ஐதாக்குங்கள். சின்ன உச்சிகளைப் பார்க்கத் தனியாக இன்னொரு கரைசல் வைத்துக்கொள்வது நல்லது.

உலோகம் இல்லாத ரெட்ராபீனைல் போர்பிரினில் சின்ன உச்சிகள் நான்கு இருக்க வேண்டும்: 515, 550, 590, 647 நனோமீற்றர் அளவில், படிக்கட்டு இறங்குவது போல ஒன்றையொன்று குறைந்து. கடைசிப் படி முன்னையதை விட உயர்ந்து, 652 பக்கமாக நின்றால் குளோரின் கலப்பு. மேலே சொன்ன முறையில் இது கொஞ்சம் வருவது வழமை. ஒளியூக்கிக்கு அது பெரிய தடையல்ல, ஆனால் அளவீடு செய்யப் போகிறீர்கள் என்றால் ஒரு குவினோன் ஒட்சியேற்றியோடு கொஞ்ச நேரம் சூடாக்கிச் சின்ன அலுமினா நிரலில் இறக்கினால் போய்விடும்.

அடிக்கோடு அலைந்து திரிந்தால், வெறும் கரைப்பானை வைத்து ஒரு தடவை ஓட்டுங்கள். அப்போதும் அலைந்தால் கருவியின் விளக்குக்கு வயது போய்விட்டது. அதை நீங்களே திறக்க வேண்டாம். கருவி பார்க்கும் ஆளைக் கூப்பிடுங்கள். 2022 மின்வெட்டுக் காலத்தில் விளக்கை அணைத்து ஏற்றி அணைத்து ஏற்றி எத்தனை கருவிகள் ஓய்ந்தன என்பது எங்களுக்குத் தெரியும்.

உலோகம் ஏறவில்லை

ரோச் லைட்டைக் கையில் எடுங்கள். உலோகம் இல்லாத போர்பிரின் யூ.வி. ஒளியில் இரத்தச் சிவப்பாக மின்னும். செம்பு, இரும்பு, மங்கனீசு, கோபாற்று ஏறினால் அந்த மினுக்கம் அணைந்துவிடும். நாகம் (சிங்க்) ஏறினால் அணையாது, கொஞ்சம் இளஞ்சிவப்புக்கு மாறும். ஆகவே நாகத்துக்கு இந்தச் சோதனையை நம்ப வேண்டாம். நாகத்துக்கு நிறமாலைதான்: நான்கு சின்ன உச்சிகள் இரண்டாகச் சுருங்கி 550, 588 அளவில் நிற்க வேண்டும்.

ஒருமுறை ஒரு பிள்ளை மூன்று நாள் நாகம் ஏற்றிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் மாதிரியில் ஒரு துளி அமிலம் விட்டுப் பச்சையாகிறதா என்று பார்த்ததாம். பச்சையானால் ஏறவில்லை என்று கணக்கு. கேட்டபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அமிலம் பட்டதும் நாகம் கழன்று விழும், அதனால்தான் பச்சையாகும். முதல் நாளே ஏறிவிட்டது. அந்தச் சோதனை செம்புக்குப் பொருந்தும், நாகத்துக்குப் பொருந்தாது.

உண்மையாகவே ஏறவில்லை என்றால் எளியதில் இருந்து போவோம். கரைசல் பச்சையாக இருந்தால் முதலில் அமிலத்தைத் தீர்த்துவிட்டு வாருங்கள். ஏற்கெனவே ஐதரசன் பிடித்த வளையத்துக்குள் உலோகம் நுழையாது. பிறகு உப்பு கரைந்ததா என்று பாருங்கள். நாக அசற்றேற்றை மெதனோலில் கரைத்துப் போர்பிரினின் குளோரோபோம் கரைசலோடு சேர்த்தால், மெல்லிய சூட்டில் ஒரு மணித்தியாலத்துக்குள் முடியும். இரும்பும் மங்கனீசும் அப்படி இலகுவில் ஏறா. அவற்றுக்கு 153 பாகையில் கொதிக்கும் டைமெதைல் போமமைட்டு வேண்டும், வேலை சில மணித்தியாலம். அந்தக் கரைப்பான் தோலாலும் ஏறும், பிள்ளைப்பேற்றுக்கும் கெடுதி. புகைபோக்கிப் பெட்டி ஓடாத நாளில் அதைத் தொடவே வேண்டாம். பசுமை என்று சொல்லிக்கொண்டு இதில் கையை நனைப்பது எனக்கு ஒருபோதும் ஒப்பவில்லை. தலைப்பை மாற்ற முடிந்தால் நாகத்தோடு நின்றுகொள்ளுங்கள்.

இரும்பு ஏறியது, ஆனால் 417இல் இருக்க வேண்டிய உச்சி 408க்கு வந்து, 570க்கும் 612க்கும் புதிதாக இரண்டு முளைத்திருக்கிறதா? இரண்டு இரும்பு வளையங்கள் நடுவே ஓர் ஒட்சிசனைப் பிடித்துச் சோடி சேர்ந்துவிட்டன. காரமான அலுமினா நிரலில் விட்டால் இப்படி ஆகும். கரைசலை ஐதான ஐதரோக்குளோரிக் அமிலத்தோடு குலுக்கினால் பிரிந்து பழைய குளோரைட்டு வடிவம் வரும்.

வெளிச்சம் அடிக்கிறேன், ஒன்றும் நடக்கவில்லை

சல்பைட்டைச் சல்பொட்சைட்டாக்குவது, ரோசாப்பூ வாசனைச் சிற்றோனெல்லோலை ஒட்சியேற்றுவது, இப்படியான ஒளியூக்க வேலைகளில் போர்பிரின் காற்றின் ஒட்சிசனை எழுப்பிவிடுகிறது. எழுப்பப்பட்ட ஒட்சிசன்தான் வேலை செய்கிறது. எங்கே தடை என்று கீழிருந்து மேலாகப் பார்க்க வேண்டும்.

ஊக்கியே சரியானதா? செம்பு, இரும்பு, மங்கனீசு போர்பிரின்கள் இந்த வேலைக்கு உதவா. வாங்கிய வெளிச்சத்தை வெப்பமாக வீணாக்கிவிடும். ரோச் லைட்டில் மின்னாதது இந்தக் குடுவைக்குள் போகக் கூடாது. அதுதான் என் விதி, இதுவரை பிழைத்ததில்லை.

காற்றுப் போகிறதா? மூடிய குழாயில் இருந்த ஒட்சிசன் சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். நாங்கள் மீன்தொட்டிக்குப் பாவிக்கும் சின்ன எயார் பம்ப்பைப் பயன்படுத்துகிறோம். அதை எரியும் கரைப்பானில் இருந்து எட்டத்தில், நீள ரியூப்போடு வையுங்கள், மோட்டர் பொறி பறக்கலாம். நடுவில் அதே கரைப்பான் கொண்ட ஒரு குமிழிப் போத்தலை வைத்தால் குடுவை வற்றாது.

வெளிச்சத்தின் நிறம் பொருந்துகிறதா? இதில்தான் அதிகமானோர் ஏமாறுகிறார்கள். கடையில் வாங்கும் வெள்ளை எல்.ஈ.டி.யின் நீல உச்சி 450 நனோமீற்றர் அளவில் இருக்கிறது. போர்பிரினின் பெரிய உச்சி 418, அடுத்த சின்ன உச்சி 515. அந்த 450 இரண்டுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் விழுகிறது. நீல நிற எல்.ஈ.டி. கீற்று வாங்கி "ஆகக் கூடின சக்தி" என்று சுற்றிக் கட்டியவர்களுக்குத் தாக்கம் ஊர்வது இதனால்தான். வெள்ளையில் பச்சைப் பகுதியாவது உதவும். பச்சை எல்.ஈ.டி. இன்னும் நல்லது. 415–420 அளவில் ஒளிரும் ஊதா எல்.ஈ.டி. கிடைத்தால் பிரச்சினையே இல்லை, ஆனால் கண்ணுக்குக் காப்புக்கண்ணாடி கட்டாயம்.

கரைசல் கடும் ஊதாவா? அப்படியானால் முன்பக்கத்து ஒரு மில்லிமீற்றர்தான் வெளிச்சம் காண்கிறது, பின்னால் இருப்பது இருட்டில். குடுவைக்குப் பின்னால் விரலைப் பிடித்துப் பாருங்கள். விரல் தெரியாவிட்டால் ஐதாக்குங்கள்.

கரைப்பான் என்ன? எழுப்பப்பட்ட ஒட்சிசன் தண்ணீரில் ஒரு செக்கனின் மில்லியனில் நாலு பங்கு நேரம்தான் நிற்கும். எதனோலில் கொஞ்சம் கூட. இருகுளோரோமெதேனில் அதைவிடப் பல மடங்கு. பசுமைக் கரைப்பானுக்கு மாறிய உடனே வேகம் குறைந்தது என்றால் அது ஊக்கியின் குற்றம் அல்ல, பொறுத்திருக்க வேண்டிய நேரம் கூடுகிறது. எனக்குப் பிடித்த நடுவழி எதைல் அசற்றேற்று. இருகுளோரோமெதேன் 40 பாகையில் கொதித்துவிடும். சித்திரை வெயிலில் குடுவையை மொட்டைமாடியில் வைத்துவிட்டுப் போய் வெறுங்குடுவையைக் கண்டவர் இருவர்.

வெயில் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு வெயிலுக்குப் பஞ்சமில்லை. விளக்கை விட அது மேல். ஆனால் குடுவையை ஒரு கண்ணாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி வைக்க வேண்டும். தண்ணீர் வெப்பத்தைத் தாங்கிக்கொள்ளும், ஒளியை விடும். மாரியில் முகில் மூடினால் அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துவரா, ஆகவே ஒப்பீட்டுக்கு விளக்குத்தான்.

எல்லாம் சரி, சாயம் வெளுத்தது, எனவே ஊக்கி வேலை செய்கிறது என்று எழுதிவிட்டீர்களா? இரண்டு குழாய் கூட வைத்தீர்களா என்று கேட்பேன்: ஊக்கியோடு இருட்டில் ஒன்று, ஊக்கி இல்லாமல் வெளிச்சத்தில் ஒன்று. மெதிலீன் நீலம் தானே ஓர் ஒளியூக்கி, போர்பிரின் இல்லாமலே வெளுக்கும். மஞ்சள் நிறச் சோதனைப் பொருளான டைபீனைல் ஐசோபென்சோபியூரான் 410 அளவில் தானே ஒளியை விழுங்கும். அதைப் பாவித்தால் பச்சை வெளிச்சம் மட்டும் அடியுங்கள். இந்த இரண்டு குழாயும் இல்லாத அறிக்கை ஒன்றை வாய்மொழித் தேர்வில் கிழித்தெடுத்ததைப் பார்த்திருக்கிறேன். பார்க்கவே பாவமாக இருந்தது.

விளைவு என்ன என்று உறுதியாகச் சொல்ல வேண்டிய கட்டத்தில் ரி.எல்.சி. (மென்படல நிறப்பகுப்பு) தகடு போதாது. கொழும்பில் கட்டணம் கட்டி என்.எம்.ஆர். எடுக்க வேண்டியதுதான். அதற்கு முன்னர் கரைசலை முழுதாக வற்றவைக்காதீர்கள். ஒளியில் ஒட்சியேறிய பொருள்களில் பேரொட்சைட்டுகள் இருக்கும். வற்றிய பேரொட்சைட்டைச் சூடாக்கினால் என்ன நடக்கும் என்பதைச் சோதித்துத்தான் அறிய வேண்டும் என்றில்லை.

பேரொட்சைட்டு விட்டதும் நுரைத்து, நிறமும் போய்விட்டது

நுரை என்பது ஒட்சிசன். ஐதரசன் பேரொட்சைட்டு உங்கள் பொருளோடு தாக்கமடையாமல் வெறுமனே பிரிகிறது. நிறம் போனது என்றால் ஊக்கியே எரிந்துவிட்டது. இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம், எல்லாவற்றையும் ஒரேயடியாக ஊற்றுவது. துளித்துளியாக, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்து விடுங்கள். மங்கனீசு போர்பிரினுக்கு ஒரு சிட்டிகை இமிடசோல் சேர்த்தால் மிகவும் உதவும்.

பேரொட்சைட்டு எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்றும் பாருங்கள். மருந்துக்கடைப் போத்தல் பழசாகியிருந்தால் அது வெறும் தண்ணீர். அமிலமாக்கிய பொட்டாசியம் பரமங்கனேற்றோடு நியமிப்புச் செய்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

துளியாக விட்டும் வெளுத்தால், சாதாரண ரெட்ராபீனைல் வளையம் இந்த வேலையைத் தாங்கவில்லை. 1979இல் இரும்பு போர்பிரினால் எப்பொட்சைட்டு செய்து காட்டிய காலம் முதல் இந்தக் குறை தெரிந்ததுதான். பீனைல் வளையங்களில் குளோரீனோ புளோரீனோ ஏற்றிய வகைகள் நின்று பிடிக்கும். ஆனால் அவை விலை. அந்த அல்டிகைட்டுகளின் விலையைக் கேட்டதும் எங்கள் பிள்ளைகள் பாதிப்பேர் ஒளியூக்கத்துக்குத் திரும்பிவிடுவார்கள்.

பேரொட்சைட்டுப் பாவித்த குடுவையை அசற்றோனால் கழுவாதீர்கள், அமிலம் இருந்தால் சொல்லவே வேண்டாம். வெடிக்கும் பொருள் உண்டாகும். தண்ணீரும் சோடியம் சல்பைற்றும் போதும்.

தண்ணீரில் கரைத்தது கலங்கிவிட்டது, அல்லது உச்சி நகர்ந்துவிட்டது

நீங்கள் கிணற்றுத் தண்ணீரால் கரைத்தீர்களா? எங்கள் நிலம் முழுக்கச் சுண்ணக்கல். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது எல்லாருக்கும் தெரியும். காபொட்சிலிக் அமிலக் கூட்டம் கொண்ட போர்பிரின் அந்தக் கல்சியத்தைப் பிடித்துக்கொண்டு மண்டியாகிக் கீழே இறங்கும். குடுவையைக் கடைசியாக அலசியதும் காய்ச்சி வடித்த நீராக இருக்க வேண்டும். வேறு பிழை தேட முன்னர் இதை ஒரு தடவை மாற்றிப் பாருங்கள்.

சல்போனேற்று ஏற்றிய வகைக்கு வேறு கதை. சாதாரண நீரில் 413, பி.எச். 5க்குக் கீழே போனால் 434. இன்னும் அமிலமும் உப்பும் கூடினால் மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்காகி 490இல் கூர்மையான உச்சி எழும். கார வழிக்குக் கொண்டுபோனால் திரும்பிவிடும். 413 மெல்ல மெல்ல 421 ஆகிறது, அமிலமும் இல்லை என்றால், பித்தளைப் பைப் வழியாக வந்த தண்ணீரில் இருந்து நாகம் ஏறுகிறது என்று சந்தேகியுங்கள்.

இலைச்சாறு கபில நிறமாகிவிட்டது

பைரோலும் வேண்டாம் தாரும் வேண்டாம் என்று பச்சையத்துக்கே போகிறவர்களை எனக்குப் பிடிக்கும். போருக்குப் பின்னான ஜெர்மனியில் ஷெங்க் என்பவர் இலைப் பச்சையத்தையும் வெயிலையும் வைத்துக்கொண்டே அஸ்கரிடோல் என்ற புழுமருந்தைச் செய்தார். எங்கள் வேலிக் கதியாலில் முருங்கை நிற்கிறது, ஆகவே மூலப்பொருள் இலவசம்.

முருங்கை இலையை எதனோலில் ஊறவைத்து எடுத்த கடும் பச்சை, மறுநாள் ஒலிவ் நிறத்துக்கும் பிறகு கபிலத்துக்கும் போவது, வளையத்தின் நடுவிலுள்ள மக்னீசியம் கழன்றதால். இலையின் சொந்த அமிலமே இதைச் செய்யும், சூடு பட்டால் வேகமாகும். புளியிலையை அரைத்துக் கொண்டுவந்த பிள்ளைக்கு அரை மணித்தியாலத்திலேயே கபிலமாகிவிட்டது, அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. அரைக்கும்போதே ஒரு சிட்டிகை கல்சியம் காபனேற்றுச் சேருங்கள், இலையைக் கொதிக்கவைக்காதீர்கள், போத்தலை வெள்ளிப் பேப்பரால் சுற்றிக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். நிறம் நிற்க வேண்டும் என்பதற்காகச் செப்பு உப்புச் சேர்க்கச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பச்சை நிற்கும், ஒளியூக்கம் போய்விடும். ரோச் லைட்டைக் காட்டினால் சிவப்பு மினுக்கம் அணைந்திருப்பதைக் காணலாம்.

ஏற்கெனவே கபிலமாகிவிட்டதா? கொட்டாதீர்கள். மக்னீசியம் போன வளையமும் ஒட்சிசனை நன்றாகவே எழுப்பும், அதோடு வெளிச்சத்தில் வெளுப்பதும் குறைவு. போன வருடம் வந்த பிள்ளைக்கு அதைத்தான் சொன்னேன். "அப்ப இதைப் புதுசாச் செய்யத் தேவையில்லையே, சேர்?" என்றது. பெயரை மட்டும் மாற்றி, பச்சையம் என்று எழுதிய லேபலைக் கிழித்து, பியோபிற்றின் என்று எழுதி ஒட்டச் சொன்னேன்.